சொத்தைப் பல்லுக்கு யாருடைய எச்சில் காரணம்?

கேள்வியின் சுருக்கம் இது. மூன்று வயதுப் பெண் குழந்தை. மேல் முன்பற்கள் நான்கும் ஈறு ஓரத்தில் பழுப்பாகிவிட்டன, இரண்டின் நுனி உடைந்தும் விட்டது. "நீ ருசி பார்த்த கரண்டியிலேயே ஊட்டினாய், உன் வாயில் இருந்த கிருமிதான் பிள்ளைக்குப் போய்விட்டது" என்று மாமியார் சொல்கிறார். அம்மாவுக்கும் கடைவாயில் இரண்டு ஃபில்லிங் உண்டு. மாமனாருக்கு இதுவரை ஒரு பல்லும் கெட்டதில்லை, அறுபத்தெட்டு வயதில் இப்போதுதான் வேர்ப்பக்கம் சொத்தை விழுகிறது. எல்லாம் ஒரே கிருமியா, ஆன்டிபயாடிக் கொடுத்து அதை ஒழித்துவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் நீளமாகப் போகவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த குழந்தையின் வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிடையாது. சொத்தைக் கிருமி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். யார் அதிகம் கொஞ்சுகிறார்களோ அவர்களிடமிருந்து எச்சில் வழியாக வரும், பெரும்பாலும் அம்மாவிடமிருந்து. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தால் தாயின் வாயில் இருக்கும் ரகமே பிள்ளையின் வாயிலும் இருப்பது பல நேரம் தெரியும். அமெரிக்காவில் காஃபீல்ட் என்பவரின் குழு பச்சைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, இந்தக் கிருமி அதிகமாகக் குடியேறுவது 19 மாதத்திலிருந்து 31 மாதத்துக்குள் என்று 1993இல் எழுதியது. பின்பக்கப் பால் பற்கள் முளைத்து, ஒட்டிக்கொள்ள இடுக்கும் பள்ளமும் கிடைக்கிற காலம் அது. ஆனால் பிற்பாடு பல்லே முளைக்காத குழந்தைகளின் நாக்கிலும் இதைக் கண்டுபிடித்தார்கள், ஆகவே அந்த மாதக் கணக்கைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அப்படியானால் கரண்டியைத் தனியாக வைத்திருந்தால் தப்பித்திருக்கலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. உங்களிடமிருந்து வராவிட்டால் அப்பாவிடமிருந்து, பாட்டியிடமிருந்து, பால்வாடியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடமிருந்து வந்திருக்கும். இருமல், முத்தம், பகிர்ந்து கடித்த பிஸ்கட் என்று அதற்கு ஆயிரம் வழி. ஜப்பானில் வெகுகாலம் தாய்மார்கள் இதற்காகவே தட்டையும் கரண்டியையும் பிரித்து வைத்துப் பயந்து பயந்து ஊட்டினார்கள். கடைசியில் 2023இல் அங்குள்ள வாய் சுகாதாரக் கழகமே, பாத்திரத்தைப் பகிராமல் இருப்பதால் சொத்தை தடுக்கப்படுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை, அதற்காக மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம் என்று அறிக்கை விட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். கீழே விழுந்த சூப்பானைத் தங்கள் வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுத்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தோல் ஒவ்வாமை குறைவாக இருந்ததாக 2013இல் ஸ்வீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. எச்சிலில் கெட்டது மட்டும் போவதில்லை. இதை மாமியாரிடம் சொல்லிச் சண்டை போடவேண்டாம், உங்கள் மனதுக்காகச் சொன்னேன்.

பூச்சிப் பல் என்று சொல்கிறோமே, அந்த எண்ணம் நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. பல்லைப் புழு தின்கிறது என்று பாபிலோனியர்கள் களிமண் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பக்கம் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழும் என்பார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் பல்லுப்பூச்சி எடுக்கிறேன் என்று பஞ்சில் வெள்ளையாக ஏதோ நெளிவதைக் காட்டிக் காசு வாங்கிய ஆளைச் சின்ன வயதில் நானே வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். பல்லுக்குள் புழு கிடையாது. உண்மையில் அங்கே இருப்பதை முதலில் கண்ணால் பார்த்தவர் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக். 1683இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், தினமும் உப்பு வைத்துத் தேய்த்தும் தன் பல்லிடுக்கில் கரைத்த மாவைப் போலக் கெட்டியாக வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, அதைச் சுரண்டித் தண்ணீரில் கலந்து லென்ஸ் வழியாகப் பார்த்தால் உயிரினங்கள் அலைகின்றன என்று எழுதினார். ஜன்மத்தில் பல் தேய்க்காத ஒரு கிழவரின் வாயிலிருந்தும் எடுத்துப் பார்த்தாராம், அங்கே கூட்டம் இன்னும் அதிகம்.

மாவு என்று அவர் சொன்னது தற்செயல்தான், ஆனால் எனக்கு அது ரொம்பப் பிடித்த ஒப்புமை. ராத்திரி இட்லி மாவு கரைத்து வைக்கிறீர்கள். அதில் யாரும் கிருமியை வாங்கிப் போடுவதில்லை, உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கிறது. வெப்பமும் நேரமும் கிடைத்தால் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது, காலையில் மாவு பொங்கிப் புளித்திருக்கும். பல்லின் மேல் படியும் காரையிலும் இதேதான் நடக்கிறது, கிருமிகளும் கிட்டத்தட்ட உறவுக்காரர்கள்தான். இட்லி மாவில் வேலை செய்யும் லியூக்கோநாஸ்டாக் சாதாரணச் சர்க்கரையைக் கொண்டு கொழகொழவென்று ஒரு பசையும் தயாரிக்கும். வெட்டிப் போட்டு நாளான கரும்பின் சாறு பிசுபிசுத்து ஆலைக்காரர்களைப் பாடாய்ப் படுத்துவது அந்தப் பசைதான். மியூட்டன்ஸும் அதே வித்தையைப் பல்லின் மேல் செய்கிறது. பல்லை நாக்கால் தடவினால் காலையில் ஒரு வழுவழுப்பு தெரிகிறதே, அதில் ஒரு மில்லிகிராமில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும்.

இனி குற்றவாளியைத் தேடிய கதை. கதை வேண்டாம், மருந்து சொல்லுங்கள் என்றால் இரண்டு மூன்று பத்தி தாண்டிப் போங்கள், ஆனால் ஆன்டிபயாடிக் ஏன் உதவாது என்பது இங்கேதான் இருக்கிறது.

பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர் ரொம்ப எளிமையான சோதனை செய்தார். பிடுங்கிய பல்லை எச்சிலில் போட்டு ரொட்டித் துண்டும் சேர்த்து வெதுவெதுப்பாக வைத்தால் பல் கரைகிறது. ரொட்டிக்குப் பதில் கொழுப்பைப் போட்டால் கரையவில்லை. எச்சிலைக் கொதிக்கவைத்துவிட்டு ரொட்டி போட்டாலும் கரையவில்லை. ஆகக் கிருமி வேண்டும், மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும், இரண்டும் சேர்ந்து அமிலம் வந்தால்தான் பல் கெடும். 1890இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். எந்தக் கிருமி என்று கேட்டதற்கு, ஒன்று இல்லை, அமிலம் சுரக்கும் பல கிருமிகள் என்றார். யாருக்கும் இந்தப் பதில் திருப்தியாக இல்லை. காசநோய்க்கு ஒரு கிருமி, காலராவுக்கு ஒரு கிருமி என்று கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் வரிசையாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம், சொத்தைக்கும் ஒரு பெயர் வேண்டும் என்றுதான் எல்லோரும் அலைந்தார்கள்.

1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைக்குள்ளிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். உருண்டையாக இருக்கவேண்டிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சற்று நீள்வட்டமாக இருந்ததால் இது உருமாறிய வகை என்று நினைத்து மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். அப்புறம் அதை எல்லோரும் மறந்தே போனார்கள். அன்றைக்குப் பெரிய ஆள் லாக்டோபேசில்லஸ் என்ற இன்னொரு கிருமி, எச்சிலில் அதை எண்ணிச் சொல்வதுதான் சொத்தைப் பரிசோதனையாக இருந்தது. 1954இல் அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு பல்லும் கெடவில்லை. 1960இல் கீஸ் என்பவர் வெள்ளெலிகளை வைத்து இன்னும் ஒரு படி போனார். சொத்தையே வராத வெள்ளெலிக் குட்டிகளைச் சொத்தை உள்ளவற்றோடு ஒரே கூண்டில் விட்டார், இவற்றுக்கும் வந்துவிட்டது. சொத்தை தொற்றும் என்பது அன்றைக்கு நிரூபணமானது. கொஞ்ச நாளில் அது மியூட்டன்ஸ்தான் என்றும் தெரிந்தது, நாற்பது வருஷத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்த கிளார்க்கின் கிருமி மறுபடி மேடைக்கு வந்தது. இதற்கென்றே தடுப்பூசி தயாரிக்க முனைந்தார்கள், குரங்குகளில் சோதித்தார்கள். கடைக்கு வரும் அளவுக்கு இன்றுவரை ஒன்றும் தேறவில்லை.

மியூட்டன்ஸைக் குறை சொல்ல நியாயம் இல்லாமல் இல்லை. சர்க்கரை கிடைத்ததும் அதில் ஒரு பங்கைப் பசையாக்கிப் பல்லோடு தன்னை ஒட்டிக்கொள்கிறது, ஒரு பங்கை லாக்டிக் அமிலமாக்கித் துப்புகிறது, இன்னொரு பங்கைத் தன் உடம்புக்குள் சேமித்துவைத்து நீங்கள் சாப்பிடாத நேரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அமிலமாக்குகிறது. சுற்றிலும் புளிப்பு ஏறினால் மற்ற கிருமிகள் சோர்ந்துபோகும். இதுவோ உள்ளே வரும் அமிலத்தை வெளியே இறைத்துத் தள்ளிவிட்டு வேலையைத் தொடரும். கெட்டிக்காரக் கிருமிதான். பசை தயாரிக்க அதற்குச் சாதாரணச் சர்க்கரையே வேண்டும், குளுக்கோஸ் மட்டும் இருந்தால் அமிலம் வருமே தவிர இந்தப் பசை வராது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் எல்லாமே பெரும்பகுதி அதே சர்க்கரைதான். "நாங்க பிள்ளைக்குச் சீனியே கொடுக்கறதில்ல டாக்டர், பனங்கற்கண்டுதான்" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இவ்வளவு இருந்தும் கணக்கு ஓரிடத்தில் உதைக்கிறது. வாய் நிறையச் சொத்தை உள்ள சிலரிடம் மியூட்டன்ஸைத் தேடினால் கிடைப்பதில்லை. வேறு சிலரிடம் அது நன்றாகவே இருக்கும், ஒரு பல்லும் கெட்டிருக்காது. மரபணுவை வைத்துக் கூட்டத்தையே மொத்தமாகப் படிக்கும் வசதி வந்த பிறகுதான் காரணம் விளங்கியது. வாயில் இதுவரை அடையாளம் கண்டது 700 வகைக்கு மேல், அதில் அமிலத்தில் கைதேர்ந்தவை பல. சின்னக் குழந்தைகளின் மோசமான சொத்தையில் ஸ்கார்டோவியா விக்சியே என்று ஒன்று அடிக்கடி தென்படுவதை 2011இல் கவனித்தார்கள். வாய்ப்புண்ணுக்குப் பெயர்போன கேண்டிடா என்ற பூஞ்சை, மியூட்டன்ஸின் பசையைத் தன்மேல் பூசிக்கொண்டு இரண்டும் கூட்டுச் சேர்ந்து காரையைத் தடிப்பாக்குகின்றன. 2023இல் மூன்றிலிருந்து ஐந்து வயதுள்ள சுமார் 300 குழந்தைகளின் பற்காரையை ஆராய்ந்தபோது செலினோமோனாஸ் ஸ்பூட்டிஜீனா என்ற ஒன்று அகப்பட்டது. அதுவரை ஈறு நோயோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்ட கிருமி அது. தனியாக விட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது, மியூட்டன்ஸின் பசையில் மாட்டிக்கொண்டால் அதைச் சுற்றித் தேன்கூடு மாதிரி அறை கட்டி அமிலம் வெளியே போகாமல் அடைத்துவிடுகிறது. லாக்டோபேசில்லஸோ சொத்தையை ஆரம்பிப்பதில்லை, ஓட்டை விழுந்த பிறகு உள்ளே குடிவந்து ஆழப்படுத்துகிறது. திருட்டு நடந்த வீட்டில் கடைசியாக நுழைந்தவனை முதல் குற்றவாளி என்று முப்பது வருஷம் நினைத்திருந்தார்கள்!

கூட்டத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள். சாங்குவினிஸ் என்ற இன்னொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு மியூட்டன்ஸை ஒடுக்குகிறது, எச்சிலிலுள்ள ஆர்ஜினின் என்ற புரதத் துணுக்கைத் தின்று அம்மோனியா விட்டுப் புளிப்பையும் தணிக்கிறது. வெய்லோனெல்லா என்பது லாக்டிக் அமிலத்தையே உணவாக்கிக்கொண்டு அதைவிட வீரியம் குறைந்த அமிலமாக மாற்றுகிறது. இவர்களும் அவர்களும் ஒரே பல்லில்தான் குடியிருக்கிறார்கள். யார் கை ஓங்கும் என்பதை முடிவு செய்வது அங்கே எத்தனை மணி நேரம் புளித்துக் கிடக்கிறது என்பதுதான். 1994இல் மார்ஷ் என்ற ஆங்கிலேயர் இதைக் கோட்பாடாகவே எழுதினார். நூறு வருஷம் சுற்றி வந்து மறுபடி மில்லரின் வாசலில் நிற்கிறோம்.

ஆகவே எந்தக் கிருமி என்று கேட்பதை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 1940களில் ஸ்டீஃபன் என்பவர் சர்க்கரைத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லிப் பல்லின்மேல் அமிலத்தை அளந்தார். பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல், எண் இறங்க இறங்கப் புளிப்பு கூடும். சில நிமிடத்திலேயே பிஎச் 5.5க்குக் கீழே இறங்குகிறது, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை கிட்டத்தட்ட அந்த 5.5தான். மேலே ஏறிவிட்டால் எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் பல்லில் போய் அமரும். தினமும் கரைவதும் தினமும் அடைபடுவதும் எல்லோர் வாயிலும் நடப்பதுதான். கரைகிற நேரம் அடைபடுகிற நேரத்தைத் தின்றுவிட்டால் சொத்தை.

இதற்கு மனிதர்களிடம் செய்த பெரிய சோதனை ஸ்வீடனில் லுண்ட் நகரத்தின் விபெஹோம் விடுதியில் நடந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்துச் செய்தார்கள், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, இன்று நினைத்தாலும் கூசுகிறது. 1940களின் பிற்பகுதியிலிருந்து சில வருஷம், சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்குச் சாப்பாட்டுக்கு நடுவே பல்லில் ஒட்டும்படி தயாரித்த டாஃபி, ஒரு குழுவுக்கு நாளைக்கு 24 வரை. சாப்பாட்டோடு நிறையச் சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. இடையிடையே டாஃபி மென்றவர்களின் பற்கள் சரசரவென்று போயின. எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டிக்கிடக்கிறது என்பதே விஷயம் என்று அதில்தான் உறுதியானது. வாரம் முழுக்க வேண்டாம், சனிக்கிழமை ஒருநாள் மிட்டாய் தின்னட்டும் என்ற பழக்கம் ஸ்வீடனில் வந்ததே இதற்குப் பிறகுதான். நம் கமர்கட்டை நினைத்துப் பார்த்தீர்களானால் அந்த டாஃபியை விளக்கத் தேவையில்லை.

இப்போது உங்கள் மகள். மேல் முன்பற்கள் நான்கும் போய், கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றன, அப்படித்தானே? நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகிக்கிறேன், ஏனென்றால் இந்த அமைப்பு ஒரே ஒரு கதையைத்தான் சொல்லும். புட்டியையோ மார்பையோ சப்பும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கொள்கிறது, அங்கேயே எச்சில் சுரப்பியும் இருக்கிறது. மேல்பல்லின்மேல் பால் குளம்போலத் தேங்கி நிற்கிறது, தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றே போவதால் கழுவ ஆளில்லை. வெறும் பால் பெரிய வில்லன் அல்ல, பாலிலுள்ள லாக்டோஸ் மெதுவாகத்தான் புளிக்கும். அதில் சர்க்கரையோ சத்துமாவுப் பொடியோ கலந்து புட்டியோடு தூங்கவைத்தால் ராத்திரி முழுக்க மாவு புளித்த கதைதான். தாய்ப்பாலை இதற்காக நிறுத்தவேண்டாம். ஒரு வயதுக்கு மேல் இரவில் பலமுறை குடிக்கிற குழந்தைக்கு அபாயம் கூடும் என்பது உண்மை, அதற்கு வழி படுக்குமுன் பல் தேய்த்துவிடுவதும் மற்ற இனிப்பைக் குறைப்பதும். இருமலுக்கும் சளிக்கும் மாதக்கணக்கில் கொடுக்கும் இனிப்பு சிரப்பையும் கணக்கில் சேருங்கள், படுக்கும்போது கொடுத்துத் தூங்கவைக்கிற வீடுகள் நிறைய.

குழந்தையை மடியில் மல்லாத்தி, மேல் உதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள், நல்ல வெளிச்சத்தில். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியது மாதிரி மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் முதல் நிலை, இன்னும் ஓட்டை விழவில்லை, அதைத் திரும்ப அடைக்க முடியும். பழுப்பாகி, நகத்தால் தொட்டால் மென்மையாக இருந்தால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இன்னொன்றும் உண்டு. பல் முழுசாக, வழுவழுப்பாக இருக்கும், ஈறோரத்தில் மட்டும் மை தீட்டியது போல மெல்லிய கறுப்புக் கோடு. அது சொத்தை அல்ல, ஒரு வகைக் கிருமிகள் விடும் கறை, அந்தக் கறை உள்ள பிள்ளைகளுக்குச் சொத்தை குறைவு என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. இரும்புச்சத்து டானிக் கறையும் அப்படித்தான், சுத்தம் செய்தால் போய்விடும். உங்கள் மகளுக்குப் பல் உடைந்திருப்பதால் இந்த ஆறுதல் பொருந்தாது, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாமனாருடையது வேறு சங்கதி. வயதானால் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. வேருக்கு எனாமல் கிடையாது, 6.2 பிஎச்சுக்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும், அதாவது இளமையில் ஒன்றும் செய்யாத லேசான புளிப்புகூட இப்போது போதும். அங்கே மியூட்டன்ஸோடு ஆக்டினோமைசிஸ் போன்ற கிருமிகளும் கூட்டுச் சேருகின்றன. அவர் பிரஷருக்கோ ஒவ்வாமைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், நிறைய மருந்துகள் எச்சிலை வற்றச் செய்யும். சர்க்கரை நோயும் செய்யும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கவேண்டிய எச்சில் குறைந்துபோனால், அறுபது வருஷம் கெடாத பல் இரண்டு வருஷத்தில் வரிசையாகக் கெடும். வாய் உலர்ந்திருக்கிறதே என்று மிட்டாயை ஓரமாக அடக்கி வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைவிடக் கெடுதல் வேறில்லை. சர்க்கரை இல்லாத சைலிட்டால் சூயிங்கம் மெல்லலாம், அதை மியூட்டன்ஸால் புளிக்கவைக்க முடியாது. ஆறு தடவை டீ குடிக்கிற ஆளாக இருந்தால் தடவைக்கு அரை மணி என்று வைத்தாலும் மூன்று மணி நேரம் பல் கரைந்துகொண்டிருக்கிறது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை, சீனியை நிறுத்தலாம்.

ஆன்டிபயாடிக் பற்றி. கொடுக்கக்கூடாது. காரை என்பது பசைக்குள் அடுக்கடுக்காகப் பதுங்கிய கூட்டம், மருந்து உள்ளே ஒழுங்காக இறங்காது, இறங்கினாலும் நல்லவர்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டுப் போகும். நிறுத்தியதும் அதே சாப்பாட்டுப் பழக்கம் அதே கூட்டத்தைத் திரும்ப அழைத்துவரும். குளோரெக்சிடின் என்ற கிருமிக்கொல்லிக் கொப்பளிப்பும் அப்படித்தான், கொஞ்ச வாரம் மியூட்டன்ஸ் குறையும், பிறகு பழையபடி. அதோடு மூன்று வயதுப் பிள்ளை கொப்பளிக்காது, விழுங்கும். முகம் வீங்கினாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ அது வேறு கதை, அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும், அங்கே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், சொத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

செய்யவேண்டியதில் முதலிடம் ஃப்ளோரைடு பேஸ்டுக்கு. கரைந்த எனாமலைத் திரும்ப அடைக்கும்போது ஃப்ளோரைடு சேர்ந்தால் முன்னைவிட அமிலம் தாங்கும் படிகம் உருவாகிறது, கிருமி சர்க்கரையைச் செரிக்கும் நொதியையும் அது முடக்குகிறது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதை நான் கேலி செய்யமாட்டேன், மென்ற வேலங்குச்சி பல்லின் மேற்புறத்தை நன்றாகவே தேய்க்கும், ஆனால் அதில் ஃப்ளோரைடு கிடையாது. குழந்தைகள் பேஸ்டு என்று விற்பதில் ஃப்ளோரைடே இல்லாததும் உண்டு, அளவு குறைந்ததும் உண்டு, உறையில் 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, மூன்று முடிந்தால் பட்டாணி அளவு, அவ்வளவுதான். விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள். தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டு நிறையக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். தேய்த்துவிடுவது நீங்கள்தான், ஏழெட்டு வயதுவரை பிள்ளைக்கு அந்தக் கை வராது. ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம், காலையில் விட்டுப்போனாலும் மன்னிக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் குடிக்கிற குடும்பமாக இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம், பற்கள் பழுப்புக் கறையோடு முளைப்பது அதனால்தான்.

கெட்டுப்போன நான்கு பல்லுக்கு உடனே ஒரு குழந்தைப் பல் மருத்துவரைப் பாருங்கள். உடைந்த இரண்டும் நரம்பு வரை போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். ஆழம் இல்லாதவற்றில் சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்தாலே சொத்தை நின்றுவிட வாய்ப்பு அதிகம், குடைய வேண்டாம், குழந்தை அழாது. ஒரே சங்கடம், சொத்தைப் பகுதி கரிக்கறுப்பாகிவிடும். பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் டாக்டர் பல்லைக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு வரும். எனக்கு வந்திருக்கிறது. "பால் பல்தானே, விழப்போகிறது" என்று விட்டுவிடாதீர்கள், வேரில் சீழ் கட்டினால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது பாதிக்கலாம்.

முன்பற்கள் எப்படியும் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் விழுந்து புதிதாக வந்துவிடும். நான் பயப்படுவது இன்னொரு பல்லுக்கு. ஆறு வயதுவாக்கில், எந்தப் பால் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் கடைவாய்ப் பல் ஒன்று சத்தமில்லாமல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழாமல் வந்ததால் அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்வார்கள், ஆழமான பள்ளங்களோடு வரும், முழுசாக மேலே ஏறும்வரை பிரஷும் அதற்கு எட்டாது. எட்டு வயதுப் பிள்ளைகள் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வருவதைத்தான் கிளினிக்கில் அதிகம் பார்க்கிறேன். அது நிரந்தரப் பல், விழுந்தால் வேறு வராது. முளைத்த கையோடு அந்தப் பள்ளங்களைச் சீலன்ட் என்ற பூச்சு போட்டு மூடிவிடலாம், ஊசி கிடையாது, பத்து நிமிஷ வேலை. மகளுக்கு ஐந்தரை வயதானதிலிருந்து மாதம் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.